கிரீஸ் கையோட தொடுற ஆப்: புதுச்சேரியில ஒரு சைக்கிள் ரிப்பேர் ஆப் டிசைன் பண்ண முழு கதை

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில கடலூர் வரைக்கும் போயிட்டு வரலாம்னு முத்தியால்பேட்டையில இருந்து சைக்கிள எடுத்தேன். அரியாங்குப்பம், தவளக்குப்பம் எல்லாம் தாண்டியாச்சு, கிருமாம்பாக்கம் கிட்ட போறப்ப பின் சக்கரம் தொம்மு தொம்முன்னு அடிக்குது, எறங்கி அமுக்கி பாத்தா சுத்தமா காத்து இல்ல. பையில ஒட்டு செட்டு இருந்துச்சு, டயர நெம்புற லீவர் இருந்துச்சு, பம்பு இருந்துச்சு, ஃபோன்ல சார்ஜும் நெட்டும் இருந்துச்சு, ஆனாலும் 50 நிமிஷம் ரோட்டோரம் உக்காந்து என்னால அந்த பஞ்சர ஒட்ட முடியல.

வீடியோ ஒன்னு போட்டு ஃபோன புல்லு மேல சாய்ச்சு வெச்சேன். சக்கரத்த கழட்டுறதுக்குள்ள ஸ்க்ரீன் அணைஞ்சுடுச்சு, திறக்கலாம்னு பாத்தா வெரல்ல செயின் கறுப்பு, ஃபிங்கர்பிரிண்ட் எடுக்கல, பின் நம்பர் போட்டா கண்ணாடி பூரா கறை, வீடியோவ கொஞ்சம் பின்னால தள்ளலாம்னா ரெண்டு நிமிஷம் முன்னாடி போய் நிக்குது. எப்படியோ ஓட்டைய கண்டுபுடிச்சு ஒட்டி, ட்யூப்ப உள்ள போட்டு காத்து அடிச்சேன், அஞ்சே நிமிஷத்துல மறுபடி உஸ்ஸுன்னு எறங்கிடுச்சு. தள்ளிக்கிட்டே போய் ஒரு கடை திறக்குற வரைக்கும் காத்திருந்தேன். கடைக்கார அண்ணன் டயருக்குள்ள துணிய வுட்டு ஒரு சுத்து சுத்தினார், துணி ஒரு எடத்துல மாட்டுச்சு, அங்க ஒரு கருவேல முள்ளு.

"ட்யூப்ப ஒட்டிட்டு முள்ள டயர்லயே வுட்டுட்டியேம்மா"ன்னார், அவ்ளோதான்.

நான் ஆப்புக்கு ஸ்க்ரீன் டிசைன் பண்ற வேலையில இருக்கேன். அந்த 50 நிமிஷத்துல எனக்கு அறிவு குறைச்சலா இருந்துச்சுன்னு நான் நெனைக்கல, சொல்லிக்குடுத்த பொருள் அந்த எடத்துக்கு, அந்த கைக்கு செஞ்சது இல்ல. அதனால நான், ஆண்ட்ராய்டு கோடு எழுதுற ஒரு தோழி, படம் வரையுற ஒரு தம்பின்னு மூணு பேரும் சேந்து சொந்த நேரத்துல ஒரு ஆப் செஞ்சோம். எட்டு மாசம் ஆச்சு. எங்க தப்பு பண்ணோம், எத மாத்தினோம், எத விட்டோம்னு எல்லாத்தையும் இங்க எழுதறேன், இதே மாதிரி ஏதாச்சும் செய்ய நெனைக்கிறவங்களுக்கு உதவும்.

முதல் டிசைன், பீச் ரோட்டுல விழுந்தது

முதல்ல நாங்க பண்ணது ஒரு பள்ளிக்கூடம். ஸ்க்ரீன் வரையுற சாஃப்ட்வேர் ஃபிக்மாவுல வரைஞ்சோம், முகப்புல பிரேக், டிரைவ்டிரெயின் (பெடல், செயின், பல்லு எல்லாம் சேந்தது), வீல், ஸ்டியரிங்னு நாலு பொட்டி, ஒவ்வொன்னுக்குள்ள அஞ்சு பாடம், பாடம் முடிஞ்சா ஒரு கேள்வி, சரியா சொன்னா ஒரு பதக்கம். பாக்க அழகா இருந்துச்சு, இப்பவும் அந்த நெறம் எனக்கு புடிக்கும்.

சாயந்திரம் பீச் ரோட்டுல வண்டி விட மாட்டாங்க இல்ல, நடக்குறவங்களும் சைக்கிள் காரங்களும்தான், அங்க போய் காந்தி சிலைகிட்ட நின்னு போற வர்றவங்ககிட்ட ஃபோன குடுத்து காட்டினோம். எல்லாரும் சூப்பர், நல்ல ஐடியான்னு சொன்னாங்க. ரெண்டு வாரம் அந்த சந்தோஷத்துலயே ஓடிடுச்சு. அப்புறம் தோழிதான் சொன்னா, வாயால கேக்காத, செயின கழட்டி விட்டுட்டு மாட்டச் சொல்லுன்னு. அடுத்த சனிக்கிழமை என் சைக்கிள் செயின முன் பல்லுல இருந்து கழட்டி விட்டு, ஆப்ப மட்டும் பாத்து மாட்டுங்கன்னு அஞ்சு பேருக்கு குடுத்தோம். அஞ்சு பேர்ல ஒருத்தர்கூட டிரைவ்டிரெயின்னு போட்ட பொட்டிய தொடல. மூணு பேர் வீலுக்குள்ள போனாங்க, ஒருத்தர் தேடுற எடத்துல செயின்னு தமிழ்ல அடிச்சார், ஒன்னும் வரல, இன்னொருத்தர் ஃபோன என் கையிலயே குடுத்துட்டு சும்மா கையால மாட்டிட்டார்.

உபயோகிக்கிறவங்கள வெச்சு டிசைன சோதிக்கறதுல பேர் போன ஜேக்கப் நீல்சன் 2000ல எழுதினது டிசைன் பண்றவங்க எல்லாருக்கும் தெரியும், அஞ்சு பேர வெச்சு டெஸ்ட் பண்ணாலே 85 சதவீதம் பிரச்சனை வெளிய வந்துடும்னு. எங்களுக்கு முதல் ஆளுலயே வந்துடுச்சு. ஆனா அவர் இன்னொன்னும் சொல்லியிருப்பார், உபயோகிக்கிறவங்க வேற வேற ரகமா இருந்தா ஒவ்வொரு ரகத்தையும் தனித்தனியா பாக்கணும்னு, அது எங்களுக்கு அப்பத்தான் உறைச்சுது. பீச் ரோட்டுல சாயந்திரம் வர்றவங்கள மட்டும் பாத்தா சைக்கிள் ஓட்டுறவங்கள பாத்ததா ஆகாதே.

சைக்கிள் யார்கிட்ட இருக்கு

அதுக்கப்புறம் ஒரு மாசம் ஸ்க்ரீன் எதுவும் வரையல, ஆளுங்கள பாக்க மட்டும் போனோம். ஆரோவில் பக்கம் குயிலாப்பாளையத்துல செம்மண் பாதையில கியர் சைக்கிள் ஓட்டுறவங்க, காலையில ஈசிஆர்ல காலாப்பட்டு பக்கம் கூட்டமா போறவங்க, கடலூர் மஞ்சக்குப்பத்துல அரசு குடுத்த இலவச சைக்கிள்ல ஸ்கூல் போற பதினொன்னாம் கிளாஸ் பொண்ணுங்க, தேவனாம்பட்டினம் போற வழியில பின்னாடி கேன் கட்டி டீ விக்கிற ஒரு பெரியவர்.

அந்த டீக்கார பெரியவர்கிட்ட நாங்க ஆப்ப காட்டல, அவர்தான் எங்களுக்கு காட்டினார். பின் சக்கரத்துல போக்ஸ் கம்பி ஒன்னு அறுந்துச்சுன்னா பக்கத்து கம்பியோட முறுக்கி விட்டுட்டு மெதுவா ஓட்டணும், உடனே மாத்தலன்னா அடுத்தடுத்து அறும், ஏன்னா வெயிட்டு பூரா பின் சக்கரத்துலதான் உக்காருது, அதனாலதான் பழைய சைக்கிள்ல முன்னாடி 32 கம்பி பின்னாடி 40 கம்பின்னார். நான் அதுவரைக்கும் எண்ணிப் பாத்ததே இல்ல, வீட்டுக்கு வந்து தாத்தா சைக்கிள்ல எண்ணினேன், சரியா இருந்துச்சு.

ஸ்கூல் பொண்ணுங்க கதை வேற. அதுல ஒரு பாப்பா சொன்னா, தெனம் காலையில காத்து இல்லாம நிக்குது, அண்ணன் வந்தாத்தான் கடைக்கு எடுத்துட்டு போவான், அவன் வரலன்னா நடந்துதான் போவேன், மூணு கிலோமீட்டர்னு. சைக்கிள வாங்கி பாத்தோம், பஞ்சரே இல்ல. வால்வுக்குள்ள இருக்குற வால்டியூப் இத்துப் போயிருந்துச்சு, வெரல் நீளம் கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய். வால்வு மேல தண்ணி ஒரு சொட்டு வெச்சா முட்டை விடும், பழச உருவிட்டு புதுச சொருகினா முடிஞ்சுது, ஸ்பேனர்கூட வேணாம். அவளையே செய்யச் சொன்னோம், செஞ்சா. ஒரு வருஷமா இதுக்காகவா நடந்தேன்னு கேட்டா பாருங்க, அந்த கேள்விதான் இந்த ஆப்போட உயிர்னு நான் நெனைக்கிறேன், அதுவரைக்கும் எங்க இருபது பாடத்துல வால்டியூப்பே இல்ல, ஏன்னா நாங்க படிச்சதெல்லாம் வெளிநாட்டு சைக்கிள்ல வர்ற மத்த ரெண்டு வால்வு பத்தி மட்டும்தான்.

இப்ப ஆப்புல மூணு வால்வும் படமா வருது. நாட்டு சைக்கிள் வால்வு, மோட்டார் பைக்குல இருக்குற தடி வால்வு, அப்புறம் ஒல்லியா நுனியில ஒரு குட்டி திருகு இருக்குற பிரெஸ்டா. பிரெஸ்டாவ பிரெஞ்சு வால்வுன்னும் சொல்லுவாங்க, நம்ம ஊர்ல அந்த பேர் சொன்னாலே ஞாபகம் நிக்குது. பெட்ரோல் பங்க் காத்து ஓஸு தடி வால்வுலதான் நேரா உக்காரும், பிரெஸ்டாவுக்கு சின்ன பித்தளை அடாப்டர் வேணும், அதுவும் பங்க்ல அடிச்சா கொஞ்சம் கொஞ்சமா விட்டு விட்டு அடிக்கணும், சைக்கிள் ட்யூப் சின்னது, சட்டுன்னு வெடிச்சுடும்.

என்ன ஆச்சு?

முகப்பு மாறிடுச்சு. நாலு பொட்டியும் போச்சு, பதக்கமும் போச்சு. இப்ப திறந்தவொடனே ஒரே கேள்வி, என்ன ஆச்சு? அதுக்கு கீழ கடையில போய் நாம எப்படி சொல்லுவமோ அப்படியே பதில். காத்து போச்சு. செயின் கழண்டுடுச்சு. பிரேக் புடிக்கல. சக்கரம் கோட்டமா ஓடுது. மிதிக்கறப்ப கடகடன்னு சத்தம். சீட்டு ஆடுது. ஒவ்வொன்னு மேலயும் படம், தொட்டா கொரலும் வரும்.

இந்த வார்த்தைங்கள புடிக்கிறதுக்கு நாங்க ரொம்ப நேரம் செலவு பண்ணோம், அதுல ஒரு நிமிஷம்கூட வீணில்ல. கடையில உக்காந்து வர்றவங்க சொல்ற முதல் வாக்கியத்த மட்டும் நோட்டுல எழுதினோம். யாரும் சங்கிலின்னு சொல்லல, மிதிகட்டைன்னு சொல்லல. செயின், பெடல், பிரேக் கட்டை, போக்ஸ், பிரீவீல், மட்காடு, பம்பு. ஆனா மரை, கோட்டம், ஒட்டு, திருப்புளி இதெல்லாம் தமிழ்லயே நிக்குது, இதுக்கு இங்கிலீஷ் போட்டா யாருக்கும் புரியல. நாங்க முதல்ல எல்லாத்தையும் சுத்தத் தமிழ்ல போடணும்னும் நெனைச்சோம், அப்புறம் எல்லாத்தையும் இங்கிலீஷ்ல போடணும்னும் நெனைச்சோம், ரெண்டுமே புத்தகத்துல இருந்து வந்த ஆசை. கடையில பேசுற பேச்சுல ரெண்டும் கலந்து ஒரு ஒழுங்கோட இருக்கு, அத அப்படியே எடுத்துக்கிட்டோம்.

இதுல டிசைன் லாபமும் இருந்துச்சு. சரிசெய்தல் வழிகாட்டின்னு முன்னாடி ஒரு பட்டன் வெச்சிருந்தோம், சின்ன ஃபோன்ல ரெண்டு வரியா ஒடைஞ்சு எழுத்தோட கால் வெட்டுப்பட்டுச்சு. என்ன ஆச்சுன்னா ஒரே வரி.

கை

முழு ப்ராஜெக்ட்லயும் ரொம்ப நாள் எடுத்தது இதுதான். எண்ணெய் பட்ட வெரல் தொட்டா கண்ணாடி மங்கும், ஈரக் கை தொட்டா ஸ்க்ரீன் தானா எங்கயோ போகும், வேர்வை சொட்டினாலும் அதே கதி. பேசினா அடுத்த படிக்கு போற மாதிரி முதல்ல செஞ்சோம், வீட்ல அருமையா வேலை செஞ்சுது, ரோட்டுல பஸ்ஸு ஏர் ஹாரன் அடிச்சா ஒன்னும் கேக்கல. வால்யூம் பட்டன அமுக்கினா அடுத்த படின்னு வெச்சு பாத்தோம், எனக்கு அது ரொம்ப புடிச்சிருந்துச்சு, ஆனா ரோட்டு சத்தத்துல கொரல கூட்டறதுக்குத்தான் எல்லாரும் அந்த பட்டன அமுக்கினாங்க, படி தாவித் தாவி போச்சு.

ஈசிஆர்ல டெஸ்ட் பண்றப்ப ஒரு அக்கா வெரல மடக்கி, பின்பக்கம் கணுவால ஸ்க்ரீன தட்டினாங்க. கதவ தட்டுற மாதிரி. எவ்ளோ கிரீஸ் பட்டாலும் அந்த எடம் மட்டும் சுத்தமா இருக்கு, அதுவும் தோலுதானே, ஸ்க்ரீன் எடுத்துக்குது. அன்னிக்கு ராத்திரியே எல்லா படியையும் மாத்தினோம். கூகுளோட மெட்டீரியல் டிசைன் வழிகாட்டியில தொடுற எடம் குறைஞ்சது 48 டிபி (ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் அளவு), கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் இருக்கணும்னு இருக்கு, கணுவுக்கு அது பத்தவே பத்தாது. இப்ப ஸ்க்ரீனோட கீழ் பாதி முழுசும் ஒரே பட்டன், அடுத்தது. மேல இடது ஓரத்துல பெருசா இன்னொன்னு, திரும்ப சொல்லு. வேற எதுவுமே கிடையாது. ரிப்பேர் படியில இருக்குற வரைக்கும் ஸ்க்ரீன் அணையாது. வெயில்ல தெரியணும்னு வெள்ளை மேல கறுப்பு, அந்த அழகான நெறமெல்லாம் எடுத்தாச்சு.

வீடியோவையும் எடுத்துட்டோம். ஒவ்வொரு படிக்கும் ஆறு செகண்ட் ஓடுற ஒரு படம், அது திரும்பத் திரும்ப தானா ஓடும், கூட ஒரே ஒரு வாக்கியம் கொரல்ல. பின்னால தள்ளி முன்னால தள்ளி தேடுற வேலையே இல்ல. எல்லாம் ஃபோனுக்குள்ளயே இருக்கும், நெட்டு வேணாம். ஆப்போட முதல் பதிப்பு 180 எம்பி இருந்துச்சு, இப்ப 26.

எந்தப் பக்கம் திருப்பணும்

கடிகாரச் சுத்துல திருப்புங்கன்னு எழுதினா பாதிப் பேர் தப்பா திருப்பினாங்க. அவங்க தப்பு இல்ல, நட்ட எந்தப் பக்கத்துல நின்னு பாக்குறோம்ங்கறத பொறுத்து அது மாறுது. பெடல்ல இன்னும் மோசம், ஏன்னா இடது பெடலுக்கு இடது மரை, அதாவது எதிர்ப்பக்கம் திருப்பினாத்தான் இறுகும், வலதுக்கு சாதா மரை. டெஸ்ட்ல ஒரு தம்பி இடது பெடல கழட்டறேன்னு இறுக்கிக்கிட்டே இருந்தார், நல்ல வேளை மரை போகல.

இதுக்கு ஒரு வழி கடைக்கார அண்ணன் சொல்லித்தான் கெடைச்சுது. ஸ்பேனர மேல் பக்கமா நிறுத்து, முன் சக்கரத்த பாத்து தள்ளினா இறுகும், பின் சக்கரத்த பாத்து இழுத்தா கழறும், ரெண்டு பெடலுக்கும் இதேதான். உக்காந்து யோசிச்சு பாத்தா கச்சிதமா சரி. ஆப்புல பெடலுக்கு இடது, வலது, கடிகாரம் எந்த வார்த்தையும் இப்ப இல்ல, முன் சக்கரம் பின் சக்கரம் மட்டும்தான், அம்புக்குறியும் அப்படியே. அதுக்கப்புறம் பெடல்ல யாரும் தப்பு பண்ணி நான் பாக்கல.

பஞ்சர் பக்கம்

என்னோட 50 நிமிஷத்துக்காக இந்தப் பக்கத்த நான் ஏழு தடவ திருப்பி எழுதினேன். முதல் கேள்வி, காத்து பட்டுன்னு போச்சா, ராத்திரியில மெதுவா போச்சா. மெதுவான்னா முதல்ல வால்வ பாரு. பட்டுன்னான்னா அடுத்த கேள்வி, கையில என்ன இருக்கு? இந்தக் கேள்வி இல்லாம நாங்க லீவர எடுங்கன்னு ஆரம்பிச்சப்ப பாதிப் பேர்கிட்ட லீவரே இல்ல, ஒருத்தர் திருப்புளிய வுட்டு ட்யூப்ப இன்னும் ரெண்டு எடத்துல கிழிச்சுட்டார். இப்ப பம்பும் ஒட்டும் இல்லன்னு சொன்னா ஆப் பாடம் நடத்தாது, நேரா கடை லிஸ்டுக்கு போயிடும்.

ஓட்டைய கண்டுபுடிச்சதும் ஒட்டு போட விடாம ஒரு படி நிறுத்துது, ஓட்டை எந்தப் பக்கம்? டயர் பக்கம்னா முள்ளு இல்ல கண்ணாடி. ரிம் பக்கம்னா உள்ள ரிம் பட்டி நகந்து போக்ஸ் முனை குத்துது. பக்கத்து பக்கத்துல ரெண்டு ஓட்டை, பாம்பு கொத்தின மாதிரின்னா காத்து கம்மியா வெச்சுக்கிட்டு பள்ளத்துல விட்டிருக்கீங்க. மூணுக்கும் மூணு வைத்தியம், காரணத்த எடுக்காம ஒட்டினா மறுபடி போகும். டயர் பக்கம்னு சொன்னா, துணிய வுட்டு ஒரு சுத்து சுத்துங்க, துணி மாட்டுற எடத்துல முள்ளு இருக்கும், வெரல நேரா வுடாதீங்கன்னு கொரல் வரும், அந்தப் படிய மட்டும் தாண்டவே முடியாது, முள்ளு கெடைச்சுதா இல்லையான்னு சொல்லித்தான் ஆகணும்.

அடுத்து தேய்க்கறது, ஒட்டுற பசை, அதான் சொலுஷன், தடவுறது. சொலுஷன் தடவுன உடனே ஒட்ட வெக்கிறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, பளபளப்பு போய் மங்கலா காயணும், அப்பதான் புடிக்கும். அதுக்காக ஒரு அஞ்சு நிமிஷ டைமர் வெச்சோம், அந்த நேரத்துல டயர இன்னொரு தடவ பாருங்கன்னு சொல்லும். கடைசியா டயர உள்ள தள்றப்ப லீவர் கூடாது, கட்டை வெரல்தான், வால்வுக்கு எதிர்ல இருந்து ஆரம்பிச்சு வால்வுகிட்ட முடிச்சா ட்யூப் மாட்டிக்கும்னு கடையில சொன்னாங்க, நாங்க செஞ்சு பாத்தோம், கடைசியில வால்வ ஒரு தடவ உள்ள அமுக்கி விட்டா அந்த பிரச்சனையும் வரல. அதையும் ஒரு படியா சேத்தோம்.

எங்க பொழப்பு

கடை லிஸ்டு எடுக்க போனப்ப வில்லியனூர் பக்கம் ஒரு பாய் கடையில அவர் நேரா கேட்டார், "எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டா எங்க பொழப்பு இன்னாம்மா ஆவறது?" எனக்கு பதில் வரல. அவர் கேட்டது நியாயமான கேள்வி, பஞ்சர் காசுதான் தெனம் கைக்கு வர்ற காசு. நான் உக்காந்து டீ குடிச்சேன், அவரே கொஞ்ச நேரம் கழிச்சு, பசங்க ஒட்டத் தெரியாம சைக்கிள மூலையில போட்டுட்டு ஸ்கூட்டி வாங்கிடுறாங்க, அதுதான் எனக்கு நஷ்டம், ஓடுற சைக்கிள்தான் முழுசா பிரிச்சு மாட்டுற ஓவராயிலுக்கு வரும்னார்.

அங்க இருந்துதான் சிவப்பு பக்கம் வந்துச்சு. சில ரிப்பேர ஆப் சொல்லிக் குடுக்காது. கோட்டம் எடுக்குறது, பெடல் தண்ட அச்சோட புடிச்சு வெக்கிற காட்டர் பின் மாத்துறது, ஃபோர்க்குல விரிசல், ஹேண்டில் கழுத்து ஆடுறது, பிரேக் வயர் நூல் நூலா பிரிஞ்சிருக்கறது, இதுல எத தொட்டாலும் ஸ்க்ரீன் சிவப்பாயி, ஓட்டாத, தள்ளிக்கிட்டு போன்னு சொல்லி பக்கத்து கடைய காட்டும். கடைங்கள நாங்களே நடந்து சேத்தோம், பல கடைக்கு பேர் பலகையே இல்ல, அதனால புளியமரத்தடி, கோயிலுக்கு எதிர்க்க, பாலத்துக்கு முன்னாடின்னு எடத்தையே பேரா போட்டிருக்கோம். அவங்க சம்மதிச்சாத்தான் நம்பர். முத்தியால்பேட்டையில இருந்து ரெட்டிச்சாவடி தாண்டி பெண்ணையாத்துப் பாலம், மஞ்சக்குப்பம் வரைக்கும் இதுவரைக்கும் 31 கடை.

வீட்ல செய்றது

ரோட்டுல செய்ற வேலைய தனியா, வீட்ல செய்றத தனியா பிரிச்சுட்டோம். இதுல உப்புக் காத்துக்குன்னு ஒரு பக்கம். கடலோரம் நிறுத்துற சைக்கிள்ல செயின் ஒரே வாரத்துல செவக்குது, நம்ம வீடுங்கள்ல தேங்காயெண்ணெய் ஊத்துறாங்க, அது பிசுக்காகி மண்ண புடிச்சுக்கும். ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில், கொஞ்ச நேரம் சுத்தி விட்டு வெளிய இருக்குறத முழுசா தொடைச்சுடணும். செயின் தேய்மானம் பாக்க 12 இஞ்சு அளந்தா போதும், புது செயின்ல 24 பின்னு தள்ளி சரியா 12ல நிக்கும், 1/16 இஞ்சு தள்ளி நின்னா செயின மாத்தணும், 1/8 போயிடுச்சுன்னா பல்லும் சேந்து தேஞ்சிருக்கும். கியர் சரி பண்றத நாங்க இன்னும் சேக்கல. மூணு தடவ எழுதினோம், மூணு தடவயும் டெஸ்ட்ல இருந்தத விட மோசமாத்தான் ஆச்சு, நம்பிக்கை வர்ற வரைக்கும் வெளிய விட மாட்டோம்.

கொரல் இப்ப என்னோடது. டெஸ்ட் பண்ண பொண்ணுங்க பலரும் அதையே கேட்டாங்க, ஆம்பள கொரல் வேணாம், அக்கா சொல்ற மாதிரியே இருக்கட்டும்னு. வில்லியனூர் பாய் சிவப்பு பக்கத்துக்கு மட்டும் தன் கொரல்ல பேசித் தரேன்னு சொல்லியிருக்கார், அடுத்த வாரம் கடை லீவு அன்னிக்கு மைக்க எடுத்துக்கிட்டு போறோம்.